யுனெஸ்கோவின் விழுமியக் கல்விப் பயிற்சி: யாழ்ப்பாணத்து ஆசிரிய மாணவருக்கு எவ்வளவு உதவும்?

பேண்தகு அபிவிருத்தி பற்றி ஒரு பாடம் எடுக்கச் சொன்னால் எங்கள் ஆசிரிய மாணவர்களில் பலர் கரும்பலகையில் முதலில் எழுதுவது “நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்” என்பதைத்தான். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதுவார்கள், தவணைப் பரீட்சையில் அப்படியே திருப்பி எழுதுவார்கள். ஏன் சிக்கனம், யாருக்காக, யாருடைய செலவில் என்ற கேள்விகள் அந்த 40 நிமிடத்தில் எழுவதேயில்லை. இந்தக் கேள்விகளை எழுப்பத் தெரிந்த ஆசிரியரை உருவாக்குவதற்கு ஏதாவது நல்ல பயிற்சிச் சாதனம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறோம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது யுனெஸ்கோவின் “பேண்தகு எதிர்காலத்துக்கான கற்பித்தலும் கற்றலும்” என்ற இலவசத் தொகுப்பில் வரும் விழுமியக் கல்வி அலகு. எதைப் பெறுமதியாக நினைக்கிறோம், ஏன் என்று சிந்திக்கப் பழக்குவதே விழுமியக் கல்வி. அவுஸ்திரேலியக் கல்வியாளர் ஜோன் பியன் இத்தொகுப்பின் பதிப்பாசிரியர். முதலில் இணையத்திலும் 2002 அளவில் இறுவட்டாகவும் வந்தது. பின்னர் 2005 முதல் 2014 வரை நடந்த பேண்தகு அபிவிருத்திக்கான கல்வி ஐ.நா. பத்தாண்டின் வேலைத்திட்டத்தோடு சேர்ந்தது. மொத்தம் 27 அலகுகள், நான்கு பகுதிகள், ஏறத்தாழ 100 மணித்தியாலப் பயிற்சி. விழுமியக் கல்வி அலகு நான்காம் பகுதியில், கற்பித்தல் உத்திகளின் கீழ் வருகிறது. முழுத் தொகுப்பையும் இங்கே மதிப்பிடப் போவதில்லை. கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்புக்குள் 100 மணித்தியாலம் ஒதுக்க எவராலும் முடியாது. இந்த ஓர் அலகை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். முறை நல்லது, எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணங்களை விட்டுவிடுங்கள். தனியாளாகத் திரைக்கு முன் இருந்து செய்யாதீர்கள். இரண்டாம் பாதிக்கு முதற் பாதியைப் போல இரு மடங்கு நேரம் கொடுங்கள்.

அலகின் அமைப்பு எளிமையானது. விழுமியக் கல்வி ஏன் வேண்டும் என்பதில் தொடங்கி, விழுமியத் தெளிவாக்கல், விழுமியப் பகுப்பாய்வு என்ற இரண்டு உத்திகளைப் பழக்கி, கடைசியில் மீளச் சிந்திக்கச் சொல்கிறது. ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் “கற்றல் நாட்குறிப்பு” என்ற கோப்பைத் திறந்து பதில்களை எழுதிச் சேமிக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் படிக்கும் ஆசிரியருக்கு இது வசதி. ஆனால் விழுமியம் என்பது இன்னொருவரின் விருப்பத்தோடு மோதும்போதுதான் வெளியே தெரியும். எதிரே ஒருவரும் இல்லாத இடத்தில் எழுதப்படும் பதில் எப்போதும் நல்ல பிள்ளையின் பதிலாகவே இருக்கும். எனவே நாட்குறிப்பை வைத்திருங்கள். ஆனால் குழுவேலை முடிந்த பிறகு எழுதச் சொல்லுங்கள்.

முதல் உத்தி: தெளிவாக்கல்

விழுமியத் தெளிவாக்கலின் மூலம் 1966 இல் ராத்ஸ், ஹார்மின், சைமன் ஆகிய மூவர் முன்வைத்த ஏழு அளவுகோல்கள். சுதந்திரமாகத் தெரிவு செய்தல், மாற்றுவழிகளில் இருந்து தெரிவு செய்தல், விளைவை எண்ணிப் பார்த்துத் தெரிவு செய்தல், தெரிவை மதித்து மகிழ்தல், பிறர் முன் ஒப்புக்கொள்ளல், அதன்படி நடத்தல், அதைத் தொடர்ந்து செய்தல். இதில் ஆசிரியர் சரி பிழை சொல்வதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறார். எங்கள் வகுப்பறைப் பண்பாட்டுக்கு இதுவே பெரிய மாற்றம். ஆகவே இந்த உத்தியைத் தவிர்க்கச் சொல்லமாட்டோம்.

வகுப்பில் செய்வதற்குப் பனை மிகப் பொருத்தமான பொருள். ஒன்பது காகித மட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பிரிஸ்டல் போட்டில் மூன்று தொகுதி தாராளமாக வரும். ஒவ்வொன்றிலும் பனையின் ஒரு பெறுமதியை எழுதுங்கள்: சீவல் தொழிலாளிக்கு வருமானம், ஒடியல் புழுக்கொடியல் பனாட்டு ஆகிய உணவு, வளையும் தீராந்தியும் ஆகும் மரம், வேலிக்கும் கடகத்துக்கும் பெட்டிக்கும் ஓலை, காற்றை மறித்து மண்ணைக் காத்தல், பறவைக்கும் வௌவாலுக்கும் இருப்பிடம், யாழ்ப்பாணத்தின் அடையாளம், நட்டவர் காணாத பலனைப் பேரப்பிள்ளை காண்பது, ஒருவருக்கும் பயன் இல்லாவிட்டாலும் அது வாழலாம் என்பது. ஆறு பேர் கொண்ட குழு இவற்றை வைர வடிவில் அடுக்க வேண்டும்: மேலே ஒன்று, பிறகு இரண்டு, மூன்று, இரண்டு, அடியில் ஒன்று. பதினைந்து நிமிடம் போதும். ஒரே வரிசையில் 1 முதல் 9 வரை அடுக்கச் சொன்னால் நடுவில் உள்ளவற்றுக்காக வீணாகச் சண்டை நடக்கும். வைர வடிவம் உச்சியையும் அடியையும் மட்டும் தீர்மானிக்கச் செய்கிறது. வாதம் அங்கேதான் நடக்க வேண்டும்.

அந்த ஒன்பதாவது மட்டையைக் கவனியுங்கள். பெரும்பாலும் அடியில் போய்ச் சேரும். விரிவுரையாளர் கேட்க வேண்டிய கேள்வி, “ஏன் அடியில் போட்டீர்கள்?” என்பது அல்ல, அப்படிக் கேட்டவுடன் மேலே தூக்கி வைத்துவிடுவார்கள். “மற்ற எட்டில் எத்தனை மனிதருக்குக் கிடைக்கும் பயன்?” என்று எண்ணச் சொல்லுங்கள். அவர்களே எண்ணுவார்கள், வௌவால் மட்டையில் தடுமாறுவார்கள், பிறகு மேசையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும். அந்த இடைவெளியை விரிவுரையாளர் தன் விளக்கத்தால் நிரப்பக் கூடாது. பயன்பாட்டுப் பெறுமதிக்கும் தன்னளவிலான பெறுமதிக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் தாங்களாகக் கண்டுபிடிப்பது அந்தச் சில நிமிடங்களில்தான்.

இந்த உத்தியில் பிழைத்துப் போகும் இடங்கள் மூன்று.

முதலாவது, சேர் அல்லது ரீச்சர் எதை விரும்புகிறாரோ அதன் பக்கம் எல்லோரும் சாய்வது. “உடன்படுகிறேன்” முதல் “உடன்படவில்லை” வரை ஒரு கோடு கீறி அதில் வந்து நிற்கச் சொல்லும் விளையாட்டில் இது அப்பட்டமாகத் தெரியும். முதலில் ஒருவர் போய் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பாதி வகுப்பு போய் நிற்கும். தீர்வு எளிது. நிற்பதற்கு முன், பெயர் எழுதாத துண்டுத் தாளில் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை எழுதி மடித்து வைத்திருக்கட்டும். தாள்களைச் சேர்த்துக் கலந்து ஆளுக்கொன்று கொடுங்கள். கையில் கிடைத்த தாளின் எண்ணில் போய் நின்று, அந்த எண்ணை எழுதியவர் என்ன காரணத்துக்காக எழுதியிருப்பார் என்று சொல்ல வேண்டும். தன் கருத்தைப் பிறர் வாயால் கேட்கும்போது கூச்சமுள்ளவரும் தன் நிலையில் நிற்கிறார்.

இரண்டாவது பாரதூரமானது. விழுமியத் தெளிவாக்கலில் உலகெங்கும் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டை உடனே விட்டுப் போக வேண்டும் என்றால் எந்த மூன்று பொருளை எடுப்பீர்கள்? இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் கேட்காதீர்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளிக்கிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். வன்னியில் 2009 வரை திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. “உங்கள் கிணற்றில் யார் யார் தண்ணீர் அள்ளலாம்?” என்பதும் அப்படித்தான். பொதுக் கிணற்றில் அள்ளும் உரிமை எங்கள் ஊர்களில் சாதியோடு சேர்ந்திருந்த காலம் மிகப் பழையதல்ல. சில இடங்களில் அது கடந்துபோன காலமும் அல்ல. அந்தக் கேள்வி முக்கியமானது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆளைச் சுட்டாமல், பெயரில்லாத ஊரைப் பற்றிய ஒரு பந்தியாக எழுதிக் கொடுத்து, அதை வைத்துக் கேட்க வேண்டும். சொந்த அனுபவத்தைச் சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. “கடந்து போகிறேன்” என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டென்பதை முதல் நாளே கரும்பலகையில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, இந்த உத்தியோடு நின்றுவிடுவது. தெளிவாக்கல் முடிந்ததும் மாணவர் வந்து சேரும் முடிவு பெரும்பாலும் “ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விழுமியம்” என்பதே. சாப்பாட்டுச் சுவை பற்றிப் பேசினால் அது போதும். நிலத்தடி நீரைப் பற்றிப் பேசும்போது போதாது. ஒருவரின் தெரிவு அடுத்த வளவுக்காரரின் கிணற்றில் போய் முடிகிறது. அதனால்தான் இரண்டாம் உத்திக்கு இரு மடங்கு நேரம் கேட்கிறோம்.

இரண்டாம் உத்தி: பகுப்பாய்வு

விழுமியப் பகுப்பாய்வின் படிகள் இவை. விழுமியக் கேள்வி எது என்று தெளிவாக்குதல், தரவுகளைத் திரட்டுதல், அவை உண்மையா என்று பார்த்தல், கேள்விக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்தல், தற்காலிகமான ஒரு முடிவுக்கு வருதல், அந்த முடிவுக்குப் பின்னால் உள்ள கொள்கையைச் சோதித்தல். கடைசிப் படிதான் இதன் உயிர். சோதிக்க நான்கு வழிகள் உண்டு. அதே கொள்கையை இன்னொரு நிகழ்வுக்குப் பொருத்திப் பார்த்தல், பாதிக்கப்படுபவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தல், எல்லோரும் அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று பார்த்தல், அதைவிடப் பெரிய ஒரு கொள்கையின் கீழ் இது அடங்குமா என்று பார்த்தல்.

தொகுப்பின் உதாரணங்கள் உலகின் பல பகுதிகளில் இருந்து வருகின்றன. அவை தரமானவைதான். ஆனால் தூரத்து ஊரின் சிக்கலில் தர்மம் பேசுவது மிகவும் சுலபம். நாமும் ஒரு தரப்பாக இருக்கும் சிக்கலை எடுத்தால்தான் பயிற்சி உண்மையாகும். யாழ்ப்பாணத்துக்கு அப்படியொரு சிக்கல் தேடிப் போகத் தேவையில்லை. குடிதண்ணீர் இருக்கிறது.

விடயம் இது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்கு மட்டும் ஓடும். மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து, சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் இருந்தால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது கொள்கை. மறுபக்கமாகச் சொன்னால், இறைத்து மட்டத்தை ஒரு மீற்றர் குறைத்தால் உவர் எவ்வளவு மேலே வரும் என்பதை மாணவரே கணித்துக்கொள்ளலாம். இந்நிலையில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு வந்தது. சிறுபோகத்துக்கே நீர் போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். மாற்றாகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் என்ற முடிவு வந்தது. அதைக் கடற்றொழிலாளர்கள் எதிர்த்தார்கள். வெளியேறும் செறிந்த உவர்நீர் மீன்வளத்தைக் கெடுக்கும் என்பது அவர்களின் அச்சம். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுள்ள அந்த நிலையம் 2024 ஓகஸ்ற்றில் திறக்கப்பட்டது. திட்டம் முடிந்துவிட்டதே, இனி என்ன பேச என்று நினைக்க வேண்டாம். முடிந்த முடிவைப் பகுத்தாய்வதில் ஒரு நன்மை உண்டு. “எந்தப் பக்கம் வெல்ல வேண்டும்” என்ற கட்சிச் சண்டை குறைந்து, “எந்தக் காரணம் வலுவானது” என்ற கேள்வி முன்னுக்கு வரும்.

36 பேர் கொண்ட வகுப்புக்கு இரண்டு பாடவேளைகள் சேர்ந்தாற்போல, 80 நிமிடம் தேவை. ஆறு குழு, ஆறு தரப்பு: கிளிநொச்சியில் சிறுபோகம் செய்யும் விவசாயி, பௌசரில் வரும் தண்ணீரை நம்பியிருக்கும் தீவகக் குடும்பம், வலிகாமத்தில் வெங்காயம் செய்யும் தோட்டக்காரர், தாளையடிக் கடற்றொழிலாளர், நீர்வழங்கல் பொறியியலாளர், இன்னும் பிறக்காத தலைமுறை. கடைசித் தரப்பைக் கைவிடாதீர்கள். பேண்தகு அபிவிருத்தி என்ற கருத்தின் அடிப்படையே அது. வேறெந்தத் தரப்பும் அதற்காகப் பேசாது.

முதல் பத்து நிமிடம் தரவுத்தாள். ஏ4 ஒன்றில் ஏழெட்டு வாக்கியங்கள் மட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாணவர் “அளந்தது”, “சொல்லப்படுவது”, “மதிப்பீடு” என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். அந்த வாக்கியங்களில் ஒன்று கட்டாயம் இதுவாக இருக்கட்டும்: “குளம் வான்பாயும்போது கடலுக்குப் போகும் நீர் வீணாகிறது.” எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் உள்ள வாக்கியம் இது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த, கடலுக்குப் போகும் நீரை நீரேரியில் தேக்கும் “யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு” திட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இது வரும். மாணவர் பெரும்பாலும் “அளந்தது” என்றே குறிப்பார்கள். நீரின் கனவளவை அளக்கலாம். “வீண்” என்பதை எந்தக் கருவியால் அளப்பது? இரணைமடுவுக்கு நீர் தரும் கனகராயன் ஆற்று நீர் ஆனையிறவு நீரேரியில் கலக்கும் இடத்தில் உவர்ப்புக் குறைவதை நம்பி இறாலும் மீனும் வளர்கின்றன, அவற்றை நம்பித் தொழிலாளர் வாழ்கிறார்கள். அந்தத் தரப்புக்கு அது வீணல்ல. தரவு போலத் தோற்றம் தரும் ஒரு வாக்கியத்துக்குள் ஒரு விழுமியம் ஒளிந்திருப்பதை மாணவர் ஒருமுறை பிடித்துவிட்டால் போதும். பாடநூலிலும் பத்திரிகையிலும் அப்படிப்பட்டவற்றைத் தாங்களாகவே பிடிக்கத் தொடங்குவார்கள். முழு அலகிலும் மிகப் பெறுமதியான பத்து நிமிடம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

அடுத்த 25 நிமிடம் தரப்பினர் தங்கள் கோரிக்கையையும் அதன் பின்னாலுள்ள கொள்கையையும் டிமைத் தாளில் எழுதுவதற்கு. கோரிக்கை ஒரு வரி, கொள்கை ஒரு வரி. “எங்களுக்குத் தண்ணீர் வேண்டும்” என்பது கோரிக்கை. “குடிப்பதற்கான நீர் பயிருக்கான நீருக்கு முந்தியது” என்பது கொள்கை. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் பல குழுக்கள் தடுமாறும். விரிவுரையாளர் மேசை மேசையாகப் போக வேண்டிய நேரம் இது. பிறகு 20 நிமிடம் இடமாற்றம். தோட்டக்காரர் குழு கடற்றொழிலாளர் மேசைக்குப் போய், அவர்கள் எழுதியதை அவர்களுக்காக வாதாட வேண்டும். அதன்பின் சோதனை: குடிநீர் முந்தியது என்ற கொள்கை சரியென்றால், வலிகாமத் தோட்டக்காரர் கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கும் அதே கொள்கை பொருந்துமா? கிளிநொச்சி விவசாயியிடம் விட்டுக்கொடுப்பைக் கேட்ட யாழ்ப்பாணத்தவர் தன் தோட்டத்துக்கும் அதைக் கேட்கத் தயாரா? வகுப்பு சூடாகும் இடம் இது. சூடாகட்டும். மீதி 25 நிமிடத்தில் இந்தச் சோதனையை முடித்து, ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தங்கள் முடிவை எழுத வேண்டும். குழு முடிவு கேட்காதீர்கள். கேட்டால் கடைசி ஐந்து நிமிடத்தில் வாய்வல்லவர் ஒருவரின் முடிவு எல்லோருடைய முடிவாகிவிடும்.

இந்தச் செயற்பாட்டில் அடிக்கடி நடக்கும் கோளாறு, பாத்திரம் ஏற்றவர் நடிப்பில் இறங்கிவிடுவது. கடற்றொழிலாளர் பேச்சைக் கேலியாகப் பேசிக் காட்டினால் அந்தச் சமூகத்தில் இருந்து வந்த மாணவர் அதோடு வாயைத் திறக்கமாட்டார். பாத்திரத்தின் குரலில் பேச வேண்டாம், “இவருடைய நியாயம் இது” என்று தன் குரலிலேயே சொல்லுங்கள் என்று தொடக்கத்திலேயே கூறிவிடுங்கள்.

தரவை மாணவரே அளக்கட்டும்

விழுமிய வகுப்புக்கு ஏன் சோதனைத்தாள் என்று சிலர் கேட்கலாம். அளவு இல்லாத இடத்தில் விழுமிய வாதம் வெறும் பேச்சாகிவிடும். செம்மண் தோட்டப் பகுதிகளில் இரசாயனப் பசளையும் எருவும் இடப்படுகின்றன. மண் நீரை வேகமாகக் கீழே விடுகிறது. பசளையில் இருந்து வரும் நைத்திரேற்று கிணற்றில் ஏறுகிறது. குடிநீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்றுச் சோதனைத்தாளை மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரில் தோய்த்துப் பார்க்கலாம். தாளை ஒரு செக்கன் நனைத்து, உதறி, பெட்டியில் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, நிறத்தை ஒப்பிட வேண்டும். பெரும்பாலான தாள்களுக்கு அது ஒரு நிமிடம். அதிக நேரம் வைத்திருந்தால் நிறம் மேலும் கறுத்துப் பிழையான கூடிய பெறுமானம் தரும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. சில பெட்டிகளின் நிற அட்டை நைத்திரேற்றைக் காட்டும், சில நைத்திரேற்று நைதரசனை, அதாவது நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் அளவை மட்டும், காட்டும். 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது 11.3 மில்லிகிராம் நைத்திரேற்று நைதரசன். அட்டையைக் கவனியாமல் 20 என்று வாசித்து “எல்லைக்குள்தான்” என்று சந்தோசப்படும் மாணவர் உண்மையில் எல்லையை ஏறத்தாழ இரு மடங்கு தாண்டியிருக்கக் கூடும். மற்றது, கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சோதனைத்தாளில் கூடிய பெறுமானம் வந்தால் அதை முடிவாக எடுக்காமல் ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்துங்கள். முடிவுகளை வீட்டுப் பெயரோடு சுவரில் ஒட்டாதீர்கள், எண்ணால் குறியுங்கள்.

இப்படித் தானே அளந்த எண்ணோடு வரும் மாணவரிடம் பசளை பற்றிய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். “எங்கள் தோட்டம், எங்கள் கிணறு” என்று தொடங்குபவர்கூட, சுண்ணக்கல்லின் கீழ் வேலி கிடையாது என்று தானே சொல்வார்.

அலகில் இல்லாததை எங்கே தேடுவது

விழுமியத்தில் இருந்து செயலுக்குப் போகும் வழியை இந்த அலகு மட்டும் தந்துவிடாது. அதே தொகுப்பில் வகுப்பறைக்கு வெளியே கற்றல், சமூகப் பிரச்சினை தீர்த்தல் என்ற அலகுகள் தனியாக இருக்கின்றன. அவற்றில் இருந்து ஒரு செயற்பாட்டை எடுத்து இதோடு கோர்த்துவிடுங்கள். கற்றல் நோக்கங்களை எழுத யுனெஸ்கோ 2017 இல் வெளியிட்ட பேண்தகு அபிவிருத்தி இலக்குகளுக்கான கற்றல் நோக்கங்கள் என்ற கைந்நூல் உதவும். 17 இலக்குகளுக்கும் அறிவுசார், சமூக மனவெழுச்சிசார், நடத்தைசார் என்ற மூன்று தளங்களிலும் ஐந்தைந்து நோக்கங்கள் தருகிறது. அதில் எட்டுத் திறன்கள் பேசப்படுகின்றன. விழுமியத்தைப் பகுத்துப் பேரம் பேசி முடிவெடுக்கும் திறன் அவற்றில் ஒன்று. நீர் பற்றிய ஆறாவது இலக்கின் சமூக மனவெழுச்சி நோக்கங்களை வைத்து மேலே சொன்ன குடிநீர்ப் பாடத்தின் குறிப்பை எழுதலாம். அந்தக் கைந்நூல் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதில் பலம். எப்படி என்பதில் மெலிவு. விழுமிய அலகு அதற்கு நேர்மாறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்துவதே நல்லது.

அலகு ஆங்கிலத்தில் இருப்பதால் மொழி ஒரு தடைதான். செய்முறை அறிவுறுத்தல்களை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டால் ஓரிரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். உதாரணங்களை மொழிபெயர்ப்பதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஆரம்பப் பிரிவுக்குப் போகும் ஆசிரிய மாணவருக்கு இவற்றைச் சுருக்க வேண்டும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் தரம் 3 பிள்ளைகளிடம் ஆறு தரப்பு எடுபடாது. இரண்டு தரப்பு, ஒரு படம், ஒரு கேள்வி, 15 நிமிடம். குரும்பட்டி பொறுக்கும் பிள்ளை, பனங்கன்று நட இடம் தேடும் அம்மம்மா, நடுவில் ஒரு விளையாட்டுத் திடல் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் காரணத்தை அதன் வார்த்தையிலேயே கரும்பலகையில் எழுத வேண்டும்; ஆசிரியர் திருத்தி எழுதினால் அது ஆசிரியரின் காரணமாகிவிடும்.

புள்ளி போடுவது

பயிற்சியின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. மாணவரின் விழுமியத்துக்குப் புள்ளி போட்டால் அன்றோடு உண்மை பேசுவது நின்றுவிடும். காரணம் காட்டும் விதத்துக்குப் போடுங்கள். இருபது புள்ளியை இப்படிப் பிரிக்கலாம்: தரவையும் மதிப்பீட்டையும் பிரித்துக் காட்டியதற்கு ஐந்து; தன் நிலைக்கு எதிரான தரப்பின் நியாயத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுதியதற்கு ஐந்து; கொள்கையைக் குறைந்தது இரண்டு சோதனைகளுக்கு உட்படுத்தியதற்கு ஆறு; முடிவால் யாருக்கு நட்டம், அதை எப்படி ஈடுசெய்வது என்று சொன்னதற்கு நான்கு. இரணைமடுத் தண்ணீர் வரக் கூடாது என்று எழுதியவரும் வரவேண்டும் என்று எழுதியவரும் இருபதுக்கு இருபது பெற இடமிருக்க வேண்டும். புள்ளித் திட்டத்தை எழுதி முடித்ததும் இரண்டு எதிரெதிரான விடைகளை அதில் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் புள்ளி குறைகிறதென்றால் திட்டத்துக்குள் உங்கள் விருப்பம் புகுந்துவிட்டது.

கட்டுறுபயில்வு வருடத்தில் பாடசாலைக்குப் போய்ப் பாடத்தைப் பார்வையிடும் விரிவுரையாளருக்கும் ஒரு சிறு தாள் போதும். அதில் மூன்று விடயம் மட்டும் குறிக்கட்டும்: பிள்ளைகளிடம் “ஏன்” என்று எத்தனை தரம் கேட்கப்பட்டது, கேட்ட பிறகு ஆசிரியர் எத்தனை செக்கன் காத்திருந்தார், தன் கருத்துக்கு மாறான பதில் வந்தபோது என்ன செய்தார். இரண்டாவதற்கு மணிக்கூட்டைப் பார்த்து எண்ண வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது. கேள்வி கேட்டு ஒரு செக்கனுக்குள் தானே பதில் சொல்லிவிடும் பழக்கம் ஆசிரிய மாணவர் பலரிடம் உண்டு. ஐந்து செக்கன் காத்திருக்கும்படி ஒரு தவணை முழுவதும் பழக்கினாலே பின்வாங்கில் இருந்தும் பதில்கள் வரத் தொடங்கும்.